ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை

உள்ள வாங்க தாயி. வீட்டுக் கணக்கெடுக்கத்தான வந்திருக்கீக, வாசல்ல நின்னு கேக்காதீங்க. உங்களுக்குப் பள்ளிக்கூடத்துல பேசிப் பழகுன தொண்டை, தெருவுக்கே கேக்கும். பக்கத்து வீட்டுக்காரி சுவத்துல காதை ஒட்டவச்சுத்தான் படுப்பா. கதவைச் சாத்திட்டு அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கால் ஆடும், சுவத்தோரம் சாஞ்சுக்கோங்க.

வீட்டுக்குத் தலைவர் யாருன்னா கேக்கீக? எழுதுங்க, ராசபாண்டி. என் மகன். ஈரோட்டுல என்ஜினியரா இருக்கான், மாடி வீடு, பொஞ்சாதி டீச்சர், உங்களாட்டம். என்னது, இங்க குடியிருக்கவுக பேரத்தான் எழுதணுமா? அதெப்படி? ஆம்பளை இல்லாத வீடுன்னு கவர்மெண்டு வரைக்கும் தெரியணுமா? சரி சரி, அந்த இடத்தைச் சும்மா விடுங்க, பின்னாடி பாத்துக்கலாம். மத்ததைக் கேளுங்க.

என் பேரு வேலுத்தாய். வயசு எழுபதுன்னு போடுங்க, முன்னப் பின்ன இருக்கும். வீட்டுக்காரக தவறிப் பன்னெண்டு வருசம் ஆச்சு. பெத்தது ஆறு, நின்னது ரெண்டு. மூத்தவ சுந்தரக்கனி. கனின்னு கூப்பிடுவோம். நாப்பத்தொன்பது வயசு. தீப்பெட்டி ஆபீஸ் வேலை. கல்யாணம் ஆகல.

ஏன் பேனா நின்னுபோச்சு?

நீங்க ஒண்ணும் கேக்கல. வாயால கேக்கல, மொகத்தால கேட்டுட்டீக. எனக்கு முந்தி மூணு வீடு பாத்துட்டுத்தான வாரீக? அங்க சொல்லியிருப்பாகளே, 'அந்த வீட்டுல ஒரு இருசி இருக்கா'ன்னு. சொன்னாகளா இல்லையா? தலையக் குனியாதீங்க தாயி. நீங்க டவுன்காரக, அந்த வார்த்தை தெரியுமோ என்னமோ. வயசு வந்தும் ஆளாகாமலே நின்னுபோன பொம்பளைக்கு எங்க பக்கம் வச்சிருக்கிற பேரு. அப்படிப்பட்டவள யாரும் கட்ட மாட்டாக, நல்ல காரியத்துக்குக் கூப்பிட மாட்டாக, விதைக்கப் போறப்ப எதுர்க்க வந்தாக்கூட மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாக.

இந்த ஊர் வாய் புழுத்துப்போக! அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் என் பிள்ளைய வீட்டோட உக்கார வச்சுட்டாக. அவ இருசி இல்ல தாயி. பெத்தவ சொல்றேன். பதினாலு வயசுல, ஆவணி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை ஆளானவ. எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியும், அதுதான் சங்கதியே.

தண்ணி குடிங்க. எழுத வேண்டாம், கேளுங்க.

எங்க ஊரு கரிசக்காடு. மழை பேஞ்சா பருத்தி, பேயலைன்னா கருவேல முள்ளு. அப்படிக் கெடந்த ஊர்ல ஒரு தை மாசம் கோவில்பட்டிப் பக்கமிருந்து தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நின்னுச்சு. ஏஜெண்ட் தர்மராசுன்னு ஒரு ஆளு, வீடு வீடா வந்து பிள்ளைக விரலைத்தான் பாத்தாரு. நெசமாத்தான் சொல்றேன். மாட்டுக்குப் பல்லப் பாக்குற மாதிரி பிள்ளைக கையப் பிடிச்சு விரலைப் பாத்தாரு. சின்ன விரல், ஒல்லி விரல், கட்டை அடுக்குறதுக்கு அதுதான் வேணும். கட்டைன்னா நீங்க நினைக்கிற கட்டை இல்ல, சட்டம். அதுல வரிவரியாக் குச்சிய ஒண்ணொண்ணா நிறுத்தணும், அப்பத்தான் மருந்துல முக்க முடியும். பெரிய பொம்பளைக கைக்கு அது ஓடாது. எங்களுக்கு வீட்டுல இருந்து பெட்டி ஒட்டுற வேலைதான்.

பஸ் வந்ததும் ஊரே தலைகீழா மாறிப்போச்சு. அதுவரைக்கும் பொட்டப்பிள்ளை பொறந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தவுக, சீனி குடுக்க ஆரம்பிச்சாக. ரெண்டு பிள்ளையோட ஆபரேசன் பண்ணிக்கிட்டவ ஒருத்தி, 'அவசரப்பட்டுட்டேனே'ன்னு என் முன்னாலயே அழுதா. ஆம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குப் போகும், பொட்டப்பிள்ளைக விடியுமுன்ன பஸ் ஏறும். யாரும் அதைத் தப்புன்னு நினைக்கல. நானும் நினைக்கல.

ஒரே ஒரு கட்டுப்பாடு ஊர்க்கூட்டத்துல போட்டாக. ஆளான பிள்ளை ஆபீஸ் பஸ்ல ஏறக்கூடாது. இருட்டுல போற பஸ்ஸு, டிரைவர் அசலூர்க்காரன், நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊருக்கு அசிங்கம்னு. அதனால ஆளானா வேலை போச்சு. அப்புறம் வீட்டுல கெடந்து பெட்டி ஒட்ட வேண்டியதுதான், அதுல பாதிக்கூலிகூட வராது. அதுக்குத் தாய்மாருக என்ன செஞ்சோம்னு நினைக்கீக? எள்ளுருண்டை பிடிக்கிறத நிறுத்திட்டோம். பப்பாளிப் பழத்தைக் கண்ணுல காட்டல. உளுந்தங்களி கிண்டல. சூடு ஏறுனா சீக்கிரம் ஆளாகிருவாளேன்னு. சிரிக்காதீங்க. ஊர்ல அத்தனை வீட்டுலயும் இதே கதைதான்.

கனி மாதிரி கட்டை அடுக்க ஆளே கெடையாது. தர்மராசே சொல்வாரு, 'வேலுத்தாயி, உன் மக விரலு மிஷினு'ன்னு. எனக்குப் பெருமை பிடிபடாது. ராசபாண்டி அப்ப ஏழாவது படிக்கிறான், கெட்டிக்காரன். அவுக அப்பா வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க ஆளு. கனி கூலியிலதான் அடுப்பு எரிஞ்சுச்சு, அவன் நோட்டும் புஸ்தகமும் அதுலதான்.

அந்த ஆவணி வெள்ளிக்கிழமை பஸ்ஸ விட்டு இறங்கி வந்தவ, உள்ள வராம சுவத்தோட முதுக ஒட்டிக்கிட்டு நின்னா. பாத்த உடனே எனக்குப் புரிஞ்சுபோச்சு. மத்த தாயா இருந்தா குலவை போட்டிருப்பா. நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்துனேன். அவுக அப்பா வேட்டியக் கிழிச்சுக் குடுத்து, 'மூச்சு விடக்கூடாது'ன்னேன்.

அவ என்ன கேட்டா தெரியுமா? 'யம்மா, மாமாவுக்குச் சொல்லணும்ல?' அப்படின்னா.

மாமான்னா என் கூடப்பொறந்த தம்பி சொக்கையா. எனக்குப் பத்து வயசு இளையவன். அவ பொறந்த அன்னைக்கே அவனுக்குத்தான்னு பேசுனது, அக்கா மக தம்பிக்கு. அவளுக்கும் அது தெரியும், அவன் வந்தா அடுப்படியில போய் ஒளிஞ்சுக்குவா, ஒளிஞ்சுக்கிட்டே எட்டிப் பாப்பா. பிள்ளை ஆளானா தாய்மாமனுக்குத்தான் மொதல்ல சொல்லணும். அவன் பச்சை ஓலை வெட்டிட்டு வந்து குச்சு கட்டணும், அதுக்குள்ள பிள்ளைய உக்கார வைக்கணும், சீர் வரணும். அதைத்தான் கேட்டா.

'பொறுடி, தம்பி பத்தாவது முடிக்கட்டும்'னேன். சரின்னு தலையாட்டுனா. மூணு நாள் கழிச்சு இல்ல தாயி, மறுநாளே பஸ் ஏறுனா.

ஒரு வருசம்தான்னு நினைச்சேன். அப்புறம் ரெண்டாச்சு. அவ வளந்தா, நெட்டையா வளந்தா. ஆளான பிள்ளைகளெல்லாம் தாவணி போட்டுக்கிட்டுப் போகும். இவளுக்குத் தாவணி குடுத்தா ஊருக்குத் தெரிஞ்சுபோகுமே. பாவாடை சட்டையிலயே வச்சிருந்தேன். சட்டை பத்தலைன்னு ராசபாண்டி சட்டையப் போட்டு விட்டேன். பதினாறு வயசுப் பிள்ளை, ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டு, தோளைக் குறுக்கிக்கிட்டு நடப்பா. பஸ்ல சின்னப் பிள்ளைகளோட பெஞ்சிலதான் உக்காருவாளாம். அவளுக்குக் கூச்சமா இருந்திருக்கும். எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.

இதுல ஒரு கூத்து கேளுங்க. மூணாவது வருசம் ஊர்க்கூட்டத்துல அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துட்டாக. ஆளானவளும் போகலாம், கல்யாணம் ஆனவளும் போகலாம். கேட்டா, காலம் மாறிருச்சுன்னாக. காலம் எங்க மாறுச்சு, அவுக வீட்டுப் பிள்ளைக ஆளாகிருச்சு, அம்புட்டுத்தான். அன்னைக்கு நான் குலவை போட்டிருக்கலாம். 'நேத்துத்தான் ஆனா'ன்னு ஒரு பொய்யச் சொல்லிச் சடங்க முடிச்சிருக்கலாம்.

போடல. ஏன்னா கேக்கீக? சொன்னாச் சடங்கு, சடங்கு முடிஞ்சா மறு மாசமே சொக்கையா தாலியோட வந்து நிப்பான், அவ கூலி அவன் வீட்டுக்குப் போயிரும். அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு வருசமா கனி காளியம்மன் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுத்திருக்கா. ஒரு வருசம் அந்த மூணு நாளுக்குள்ளயே எடுத்தா. சின்னப்பிள்ளைதானேன்னு ஊர்ல கூப்பிடுறாக, மாட்டேன்னா ஏன்னு கேப்பாக. என்ன செய்ய? எடுடின்னேன். அந்த வருசம் மழை இல்ல. வெளிய தெரிஞ்சா, மழை பேயாததுக்கு என் மகதான் காரணம்னு ஊரே தெருவுல நிறுத்திக் கேட்டிருக்கும். பயம் தாயி. பொம்பளை பயத்துல செய்யிறதுதான்.

ஆனா ஊர் சும்மா இருக்குமா? நெட்டையா வளந்த பிள்ளை, இன்னும் பாவாடை சட்டை. குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சாக. அது போய்ச் சொக்கையா காதுலயும் விழுந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை வந்தான். கனிக்குப் பதினெட்டு நடக்கு. வந்தான், பேசுனான், போயிட்டான். அடுத்த வைகாசியில அருப்புக்கோட்டைப் பக்கம் பொண்ணு எடுத்துக்கிட்டான். ஊரு அவன் மனசக் கெடுத்துருச்சு. அவன் வந்த அந்த ஞாயித்துக்கிழமை ஒரே எரிச்சல் எனக்கு. அவன் போன பிறகு பின்னாடி போறேன், ஒரே தீஞ்ச வாடை. பெட்டி ஒட்ட அடுப்புல பசை காய்ச்சச் சொல்லிட்டு வந்தேன், இவ பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு அம்புட்டையும் அடிப்பிடிக்க விட்டிருக்கா. கையில கரண்டி இருக்கு, கிண்டல. 'கண்ணு எங்கடி போச்சு கழுதை, ஒரு படி மாவும் பாழாப்போச்சே'ன்னு நல்லா நாலு வாங்கு வாங்குனேன். சட்டியத் தூக்கிட்டுப் போய்ச் சுரண்டுனா.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, ஊரு வாய்.

ஊரு வாய்தான்.

...

இல்ல தாயி. நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அந்தப் பேனாவ மூடி வைங்க. நீங்க எங்கூர்க்காரக இல்ல, நாளைக்கு வர மாட்டீக, அதான் சொல்றேன்.

சொக்கையா மனச ஊரு கெடுக்கல. அவன் வந்து இந்தச் சுவத்தோரம்தான் உக்காந்தான், நீங்க சாஞ்சிருக்க இடந்தான். குடுத்த காப்பியக் குடிக்காம சொன்னான், 'அக்கா, ஊர்ல என்னென்னமோ பேசுறாக. எனக்கு அதெல்லாம் கணக்கே இல்ல. அவ எப்படி இருந்தாலும் சரி, ஆகியிருந்தாலும் சரி, ஆகாட்டியும் சரி, நான் கட்டிக்கிறேன். வர்ற தையில வச்சுக்குவோம்'னு. எந்த ஆம்பளை சொல்லுவான்? அந்தக் காலத்துல எந்த ஆம்பளை தாயி அப்படிச் சொல்லுவான்?

அன்னைக்குக் காலையிலதான் ராசபாண்டிக்குப் பாலிடெக்னிக்ல இடம் கிடைச்சிருக்குன்னு சேதி வந்திருந்துச்சு. மூணு வருசப் படிப்பு. எனக்குக் கண்ணுக்குள்ள அந்த மூணு வருசந்தான் நின்னுச்சு. இல்லன்னு சொல்லணும், ஆனா என்ன சொல்லி இல்லன்னு சொல்ல? அவன்தான் எல்லாக் கதவையும் அடைச்சுட்டானே.

நான் சொன்னேன், 'அவ இருசிடா சொக்கையா.'

ஆமா. நாந்தான் சொன்னேன். அதுவரைக்கும் ஊர்ல ஒருத்தரும் அந்த வார்த்தைய வாயிவிட்டுச் சொல்லல. இப்படி இருக்குமோ அப்படி இருக்குமோன்னாக, அம்புட்டுத்தான். பெத்தவ வாயிலருந்து வந்துச்சு. அதோட விட்டனா? 'டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன், ஆயுசுக்கும் ஆக மாட்டாளாம். நம்ம அப்பன் வம்சம் உன்னோட அத்துப்போகணுமா?'ன்னேன். எந்த டாக்டரையும் நான் பாக்கல. அவன் துண்டை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு அழுதான். நானும் அழுதேன். தம்பிக்காகத்தான் சொல்றோம்னு எனக்கே ஒரு நினைப்பு வந்துருச்சு அழுகையில.

அவன் கெட்டவன் இல்ல. எங்க ஆத்தாகிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கான், வேற இடத்துல பொண்ணு பாக்க ஒரு காரணம் வேணும்ல. ஆத்தா அவ தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கா. பெத்த தாயே சொல்லிட்டான்னா அப்புறம் ஊருக்கு என்ன சந்தேகம்?

ராசபாண்டி படிப்ப முடிச்சான், வேலைக்குப் போனான். 'பத்தாவது முடிக்கட்டும்'னு குடுத்த வாக்க அந்த வருசந்தான் காப்பாத்துனேன், கனிக்குச் சடங்கு வச்சேன். இருபத்தோரு வயசு! பந்தல் போட்டேன், சோறாக்குனேன். வந்தவுக வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாக. சோறு முக்காவாசி மிஞ்சிப்போச்சு. குலவை போட ஒருத்தி நாக்க அசைக்கல, நான் ஒத்தையாப் போட்டேன். சொக்கையா வந்தான். பொஞ்சாதி இடுப்புல ஒரு பிள்ளையோட, சீர்த்தட்டத்தோட வந்தான். சேலைய எடுத்து கனி தோள்ல போட்டுட்டு எங்கிட்ட மெதுவாச் சொன்னான், 'கவலைப்படாதக்கா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு. நான் ஊரை ஏமாத்த நாடகம் போடுறேன்னு நினைச்சு, எனக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கான். நெசத்தச் சொல்ல வாயி வரல. சொன்னா அவன் என் மூஞ்சியில முழிப்பானா?

அதுக்கப்புறம் ஒரே ஒரு மாப்பிள்ளை வந்தாரு. பொஞ்சாதி செத்தவர், மூணு பிள்ளைக. 'இருசின்னா நல்லதுதான், இவளுக்குன்னு ஒண்ணு பொறக்காது, என் பிள்ளைகளைத் தன் பிள்ளையாப் பாத்துக்குவா'ன்னாரு. நான் சரின்னு வெத்தலைய எடுக்கப்போனேன் தாயி, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எடுக்கப்போனேன். கனி உள்ள இருந்து வந்து நேரா நின்னு, 'நான் இருசி இல்ல. எனக்குப் பிள்ளை பொறக்கும்'னு சொன்னா. அந்தாளு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவ ஆயுசுல அந்த ஒரு தடவதான் வெளியாளுகிட்ட அதச் சொன்னா. அத நம்புன ஒரே ஆளு அந்தாளுதான், அதனாலயே வேண்டாம்னுட்டாரு.

அப்புறம் பஸ்ஸு, கட்டை, பஸ்ஸு, கட்டை. முப்பது வருசம் ஓடிப்போச்சு. ராசபாண்டி கல்யாணத்துல தாம்பாளம் தூக்க அவளைக் கூப்பிடல. 'அவுக சனம் ஒரு மாதிரி பாப்பாகம்மா'ன்னான். அவ பந்தியில இலை எடுத்தா.

ஒவ்வொரு மாசமும் அவ துணிய அவளே அலசி, உள்கொடியில, என் சேலைக்கு அடியில காயப்போடுவா. நாந்தான் ஒளிக்கப் பழக்குனேன். ஊருக்கே நம்பிக்கை இல்லாத ஒண்ணை முப்பது வருசமா ஒளிச்சுக்கிட்டே இருந்தா பாருங்க, கூறுகெட்டவ. அந்தத் துணிய நான் பாப்பேன். வேற யாரு பாக்க?

போன வருசம் ஆடியிலருந்து கொடியில ஒண்ணும் இல்ல. ஒரு மாசம் பாத்தேன், ரெண்டு மாசம் பாத்தேன். ஐப்பசியில ஒரு நாளு மழை, ஆபீஸ் லீவு. ரெண்டு பேரும் இந்த இடத்துல உக்காந்து பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கோம். மெதுவாக் கேட்டேன், 'ஏட்டி, நின்னுபோச்சா?'

தலைய நிமிராம, பசையத் தடவிக்கிட்டே சொன்னா. 'ஆமாம்மா. அன்னைக்கு மாமாகிட்ட நீ சொன்னீல்ல, அது இப்பத்தான் நெசமாச்சு.'

கோவமாச் சொல்லல. மாவு தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரிச் சொன்னா. சொல்லிட்டு அடுத்த பெட்டிய எடுத்தா.

கேட்டிருக்கா தாயி. அன்னைக்குப் பின்னாடி பசைச் சட்டி முன்னால உக்காந்து எல்லாத்தையும் கேட்டிருக்கா. அவன் கட்டிக்கிறேன்னு சொன்னதையும் கேட்டிருக்கா, நான் சொன்னதையும் கேட்டிருக்கா. நான் போய் மாவு பாழாப்போச்சேன்னு ஏசியிருக்கேன். முப்பத்தோரு வருசம் ஒரே வீட்டுல, நான் ஆக்குன சோத்தத் தின்னுக்கிட்டு, எனக்குக் காச்சல்னா மாத்திரை வாங்கிட்டு வந்து குடுத்துக்கிட்டு, எதுவும் தெரியாதவளாட்டம் இருந்திருக்கா. நாலு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு நிம்மதி. கேக்க மாட்டேங்கா.

அன்னையிலருந்து நான் ஊரத்தான் ஏசிக்கிட்டுத் திரியிறேன். இப்பவும் உங்ககிட்ட அப்படித்தான ஆரம்பிச்சேன்? நாக்கு அங்கதான் போகுது.

தாயி, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க தாள்ல எங்கயாவது இடம் இருக்கா? சுந்தரக்கனி, பதினாலு வயசுல, ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை ஆளானான்னு எழுதணும். கவர்மெண்டு தாள்ல இருந்தா யாரும் இல்லன்னு சொல்ல முடியாதுல்ல. கட்டம் இல்லையா? ஓரத்துல? ஓரத்துலகூட எழுதக்கூடாதா?

சரி. உங்க மேல குத்தமில்ல. நான் தெருவுல நின்னு சொல்ல வேண்டியதை உங்க தாள்ல எழுதச் சொன்னா எப்படி?

பஸ் சத்தம் கேக்கு பாருங்க. வந்துருவா. அவ வர்றதுக்குள்ள அந்தச் சும்மா விட்ட இடத்துல எழுதுங்க. தலைவர், சுந்தரக்கனி. அவ உழைப்புலதான இந்த வீடு நிக்கி. அவகிட்ட நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, எல்லாத்துக்கும் நான் பதில் சொல்லிட்டேன்.

போறப்போ கதவைச் சாத்த வேண்டாம். தெறந்தே கெடக்கட்டும்.